பழி யார் தலையில்?

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சந்தியிலே ஒரு தேநீர்க் கடை உண்டு. கடைக்காரர் சில ஆண்டுகளுக்கு முன் சுவரிலே தொலைக்காட்சிப் பெட்டியொன்றை மாட்டிவைத்தார். அன்று முதல் சனி இரவுகளில் அங்கே வாங்கில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. பால் வெட்டிக் களைத்தவர், கொழுந்து லொறியோடு நாளெல்லாம் திரிந்தவர், விடுமுறைக்கு வீடு திரும்பிய கொழும்புக் கடைச் சிப்பந்திகள், எம்மிடம் பயிலும் மாணவர் எனப் பல திறத்தாரும் அங்கு கூடுவர். அவர்கள் பார்ப்பது இங்கிலாந்தில் நடைபெறும் உதைபந்தாட்டம். அவர்கள் ஓயாது பேசுவது மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் வீழ்ச்சி.

நேயர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். லயத்துக் கூரையைச் சீர்செய்ய வழியில்லாதவனுக்கு மன்செஸ்டர் நகரத்துக் கழகம் தோற்றாலென்ன, வென்றாலென்ன என்று கேட்பர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு கேட்டவர்தாம். கடை வாங்கிலே பல இரவுகள் அமர்ந்த பின்னரே, அங்கு நடப்பது வெறும் பந்து பற்றிய பேச்சன்று என்பது எமக்குப் புலனாயிற்று.

2024-25 பருவத்தை எடுத்துக்கொள்வோம். இருபது முறை இங்கிலாந்தின் முதற்பிரிவுப் பட்டத்தை வென்ற கழகம் அது. அவ்வாண்டு 38 ஆட்டங்களில் 18இல் தோற்று, 42 புள்ளிகள் மட்டுமே பெற்று, இருபது கழகங்களுள் பதினைந்தாவதாக வந்தது. போதாக்குறைக்கு, மே 21ஆம் நாள் ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில் நடைபெற்ற ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டொட்டன்ஹாமிடம் 1-0 எனத் தோற்றது. அந்த டொட்டன்ஹாமோ உள்நாட்டு வரிசையில் பதினேழாவது! மூன்று மாதம் கழித்து, நான்காம் பிரிவில் ஆடும் கிரிம்ஸ்பி டவுன் என்னும் சிறு கழகம் லீக் கிண்ணப் போட்டியிலே தண்ட உதைகளால் இவர்களை வெளியேற்றிற்று. அந்தச் செய்தி வந்த மறுநாள் எம் வகுப்பறையில் இருவர் உணவுப் பொதியைப் பிரிக்கவேயில்லை.

பழி யார் தலையில் என்பதில் கடையிலே மூன்று கட்சிகள் உண்டு. முதற்கட்சி பயிற்றுநரைக் குற்றஞ் சாட்டும். 2024 ஒக்டோபரில் டென் ஹாக் நீக்கப்பட்டார். அடுத்த மாதம் போர்த்துக்கலிலிருந்து ரூபன் அமோரிம் வந்தார். பின்னால் மூவரை நிறுத்தி ஆடுவதே அவருடைய முறை. தோல்விக்கு மேல் தோல்வி வந்தும் அம்முறையை அவர் விட்டாரில்லை. "ஆளுக்கு ஏற்றபடி சட்டை தைக்கணும் சேர். சட்டைக்கு ஏற்றபடி ஆளை வெட்டலாமா?" என்று எம் மாணவனொருவன் கேட்டான். கேள்வி நன்றாகத்தான் இருந்தது. அமோரிமும் 2026 ஜனவரியில் விலக்கப்பட்டார்.

ஆனால் இந்தக் கட்சிக்காரரிடம் நாம் ஒன்று கேட்டோம். 2013இல் சேர் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வுபெற்ற பின்பு, இடைக்காலத்தவரை விட்டு எண்ணினாலும், மொயெஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் என அறுவர் வந்து போயினர். அறுவருமா அறிவிலிகள்? மொரின்யோ வேறு இரு கழகங்களோடு ஐரோப்பாவின் பெருங்கிண்ணத்தையே வென்றவர். வைத்தியரை மாற்றிக்கொண்டேயிருந்தும் நோய் தீரவில்லையெனில், குடிநீரையும் ஒருமுறை பார்க்க வேண்டாமா?

பெர்குசனின் கதையையே இளைஞர் பலர் அறியார். 1986 நவம்பரில் பதவியேற்ற அவர், முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு கிண்ணமும் கொண்டுவரவில்லை. 1989-90 பருவத்தில் கழகம் பதின்மூன்றாவதாக வந்தது. அவரைப் போகச் சொல்லி அரங்கிலே பதாகை பிடித்தனர். 1990 ஜனவரியில் நொட்டிங்ஹாம் பொரெஸ்ட் கழகத்தை எதிர்த்து ஆடிய எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்தில் தோற்றால் அவர் பதவி போய்விடும் என்று பத்திரிகைகள் எழுதின. மார்க் ரொபின்ஸ் என்னும் இளைஞர் தலையால் மோதிய ஒரு கோல் ஆட்டத்தை வென்றது. அவ்வாண்டு கிண்ணமும் கிடைத்தது. 1993இல் லீக் பட்டம், அதுவும் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்! அதனையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று பட்டங்கள். அன்று அவரைத் துரத்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை யார் சொல்லவல்லார்? பொறுமை எப்போதும் பலன் தரும் என்றும் நாம் கூற வரவில்லை. பொறுத்திருந்து கெட்ட கழகங்களும் பல. அவற்றின் கதையை எவரும் எழுதுவதில்லை, அவ்வளவே.

இரண்டாம் கட்சி ஆட்டக்காரரைச் சாடும். வாரந்தோறும் இலட்சக்கணக்கான பவுண் வாங்குகிறவர்கள் ஓடுவதில்லை என்பர். நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு, நிறையில் குறைந்தால் அரைப்பேர் வாங்கும் ஒரு தாயின் மகன் இதனைச் சொல்லும்போது மறுத்துரைக்க எமக்கு நா எழவில்லை. ஆயினும் ஸ்கொட் மக்டொமினேயின் கதை இந்தக் கட்சியின் வாயை அடைத்துவிடுகிறது. சிறு வயது முதல் யுனைட்டட் கழகத்திலேயே வளர்ந்த அவரை 2024இல் நாப்போலிக்கு விற்றனர். அடுத்த ஆண்டே நாப்போலி இத்தாலியப் பட்டத்தை வென்றது; அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஒரு தோட்டத்தில் வாடிய கன்று பக்கத்துத் தோட்டத்தில் தழைக்குமாயின், குறை கன்றிலா, மண்ணிலா?

மூன்றாம் கட்சி உரிமையாளரைச் சொல்லும். இக்கட்சியின் தலைவர் வயது எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். கேகாலைப் பக்கத்தில் பிறந்து, வாலிபம் முதல் இறப்பர் பால் வெட்டியவர். யுனைட்டட் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரும் அவருக்குத் தெரியாது. பேரன்மாருக்குத் துணையாகவே கடைக்கு வருவார். 2005இல் கிளேசர் குடும்பத்தார் கழகத்தை வாங்கினர் என்றும், வாங்குவதற்குப் பெற்ற கடனிற் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே சுமத்தினர் என்றும் பேரன் விளக்கியபோது, பெரியவர் சிரித்தார்.

"தம்பி, பால் கொறைஞ்சா மொதல்ல வெட்டுக்காரனை ஏசுவாங்க. அப்புறம் கங்காணிய மாத்துவாங்க. அதுக்கப்புறம் தொரையே மாறிப் போவாரு. மரம் கெழடாப் போச்சு, பட்டை காஞ்சு போச்சுன்னு கடைசியிலதான் பாப்பாங்க. கன்னு வச்சு ஆறேழு வருசம் காத்துக் கெடக்க எவனுக்குப் பொறுமை இருக்கு?"

இறப்பர் மரத்தை அளவுக்கு மீறி வெட்டினால் வெட்டுப்பட்டை உலர்ந்துவிடும். பின்பு எத்துணைக் கூரிய கத்தியாலும் பால் வராது. சப்பிரகமுவையின் மலைகளை அறிந்தவர்க்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

2024 மே மாதம் மழை கொட்டிய ஒரு நாளில் ஓல்ட் டிரஃபோர்ட் அரங்கின் கூரையிலிருந்து தண்ணீர் அருவியாய் வீழ்ந்த படத்தை மாணவனொருவன் தன் கைப்பேசியில் எமக்குக் காட்டினான். உலகின் செல்வக் கழகங்களுள் ஒன்றின் கூரை! "எங்க லயம் மாதிரியே இருக்கு சேர்" என்று சொல்லி அவன் சிரித்த சிரிப்பு எமக்கு நெடுநேரம் வரை மறக்கவில்லை. அதே ஆண்டு சேர் ஜிம் ரட்கிளிஃப் கழகத்தின் நான்கிலொரு பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கி, ஆட்டப் பொறுப்பையும் ஏற்றார். முதலில் வேலை இழந்தவர்கள் அலுவலகத்துச் சிறு ஊழியர், ஏறக்குறைய 250 பேர். அதுவும் எம் பெரியவருக்குப் புதுமையாகத் தோன்றவில்லை.

இருந்தாலும் மூன்றாம் கட்சியோடும் நாம் முழுதும் உடன்படோம். 2013க்குப் பின்பு அக்கழகம் ஆட்டக்காரரை வாங்க நூறு கோடி பவுணுக்கும் மேல் செலவிட்டிருக்கின்றது. பணம் இல்லாமற் போகவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்ற நினைவு இல்லாமற் போயிற்று. ஒரு பயிற்றுநர் கேட்ட ஆளை அடுத்தவர் விரும்பார். அவர் வேறொருவரைக் கேட்பார். ஆகக் குற்றம் ஒருவரிடத்தில் குவிந்திருக்கவில்லை, பலரிடத்திலும் சிதறிக் கிடந்தது. சிதறிக் கிடக்கும் குற்றத்தைப் பொறுக்கி எடுக்க எவருக்கும் நேரமில்லை. ஒருவர் தலையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

(மஞ்சட் சட்டை அணிந்த கிரிக்கெட் அன்பர்கள் இதைப் படித்து நகைக்க வேண்டாம். 2025இல் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்து அணிகளுள் பத்தாவதாக வந்தபோது, தோனி ஓய்வுபெற வேண்டுமா வேண்டாமா என்று இதே கடையில் இரு மைத்துனர் ஒரு மாதம் பேசாதிருந்தனர்.)

நம் நாட்டு உதைபந்தாட்டத்தின் நிலையை எண்ணினால் நெஞ்சு இன்னும் கனக்கிறது. 1995இல் கொழும்பிலே இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தை ஏந்தியவர் நாம். 2023 ஜனவரியிலோ, நிருவாகத்தில் வெளியார் தலையீடு என்று கூறி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்திற்று. அவ்வாண்டு ஆகஸ்டு வரை தடை நீடித்தது. இடையில் பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியப் போட்டியில் எம் இளைஞர் கால் வைக்கவும் முடியவில்லை. அவர்கள் என்ன பிழை செய்தனர்? மன்செஸ்டருக்காக உறக்கம் துறந்த எம் கடை வாங்கில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை.

ஒரு நாள் விவாதம் எம் பக்கம் திரும்பியது. "சேர், பெறுபேறு சரியில்லேன்னா பயிற்றுநரை மாத்துறாங்க. எங்க ஓ.எல். கணக்குப் பெறுபேறு சரியில்லேன்னா யாரை மாத்துறது?" என்று கேட்டான் ஒரு குறும்பன். கடை முழுதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். எம் கல்லூரியில் ஆண்டுதோறும் பெறுபேறு வந்ததும் நடப்பது இதே நாடகந்தான். அதிபர் ஆசிரியரைப் பார்ப்பார். ஆசிரியர் பெற்றோரைச் சுட்டுவார். பெற்றோர் பிள்ளையை அடிப்பர். தோட்டப் பாடசாலைகளுக்குக் கணித ஆசிரியர் வந்து நிலைப்பதே அரிது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆயினும் அடி விழுவது பிள்ளையின் முதுகில்.

சிரித்துவிட்டு வந்தோமேயன்றி அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் வேறு.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எம் கல்லூரி உதைபந்தாட்ட அணியின் பொறுப்பு எம்மிடம் இருந்தது. வலயப் போட்டியின் இறுதியாட்டம், அடைமழை, மைதானம் சேறு. கடைசி நிமிடத்தில், சுலபமாகப் பிடித்திருக்க வேண்டிய பந்து எம் கோல் காப்பாளனின் கைகளில் வழுக்கி வலைக்குள் சென்றது. திரும்பும் வழியில், பேருந்தினுள், எல்லார் முன்னிலையிலும் அப்பையனை நாம் ஏசினோம். "உன்னால்தான் தோற்றோம்" என்றோம். அவன் தலை குனிந்திருந்தான். அடுத்த மாதம் படிப்பை நிறுத்திக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் வறுமை இருந்தது, தந்தை நோயாளி, எப்படியும் போயிருப்பான் என்று எமக்கு நாமே பலமுறை சொல்லிக்கொண்டோம். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அவன் கையுறை இல்லாமல் ஆடினான் என்பதும், வாங்கித் தருவதாகச் சொல்லி மறந்தவர் நாமே என்பதும் மெய். அதனை அன்றைய பேருந்தில் நாம் சொல்லவில்லை.

பில்பாவோ இறுதியாட்டம் எம் நாட்டு நேரப்படி நள்ளிரவு கடந்து பன்னிரண்டரைக்கு ஆரம்பமாயிற்று. கடைக்காரர் கதவைப் பாதி சாத்திவிட்டுப் பெட்டியின் ஒலியைக் குறைத்திருந்தார். வெளியே நல்ல மழை. முதற்பாதி முடியும் தறுவாயில், லூக் ஷோவின் உடலிற் பட்ட பந்தை டொட்டன்ஹாமின் பிரெனன் ஜோன்சன் தட்டிவிட, அது மெல்ல உருண்டு கோலுக்குள் சென்றது. மறுகணமே, "கோலி என்ன தூங்குறானா? இந்த ஒனானாவை முதல்ல துரத்தணும்!" என்று பல குரல்கள் எழுந்தன.

பின்வாங்கிலிருந்து ஒருவர் சொன்னார்: "கோலியை மட்டும் ஏசாதீங்க தம்பி. பந்து அவர்கிட்ட வாறதுக்கு முன்னாடி பத்துப் பேரைத் தாண்டித்தானே வந்திச்சு."

திரும்பிப் பார்த்தோம். சற்றுப் பருத்திருந்தார், மீசை வைத்திருந்தார், மடியில் ஒரு சிறுவன் உறங்கிக்கொண்டிருந்தான். அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்திருக்கிறார் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவர் எம்மைக் கண்டு எழ முயன்றார். பிள்ளை விழித்துவிடும் என்று நாம் கையமர்த்தினோம். "சேர் சுகமா?" என்றார். "சுகம்" என்றோம். சொல்ல நினைத்த வேறு சொற்கள் அந்தக் கூட்டத்திடையே வாயில் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தோம்.

ஆட்டம் முடிய மணி இரண்டரை ஆகிவிட்டது. பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு மழையில் அவர் முன்னரே போய்விட்டிருந்தார். தேநீருக்குப் பணம் கொடுக்கப் போனபோது, கடைக்காரர் வாங்க மறுத்தார். "ஒங்களுதையும் சேத்து அவரு குடுத்துட்டாரு சேர்" என்றார்.