தள்ளுபடியா, திருமுறையா?



தீபாவளி நெருங்கும் நாள்களில் சிராங்கூன் சாலைப் பக்கம் போய்வந்த பிள்ளைக்குத் "தள்ளுபடி" என்னும் சொல்லைக் கற்பிக்க வேண்டியதில்லை. விலைக்குறைப்பு என்று உடனே சொல்லிவிடும். ஆனால் அச்சொல்லுக்குக் கிறித்தவத் தமிழில் வேறொரு பழைய ஆட்சி உண்டு. புரோட்டஸ்டண்டு சபையினர் சில நூல்களைத் "தள்ளுபடி ஆகமங்கள்" என்பர். வேதத்தில் சேராமல் தள்ளப்பட்டவை என்று பொருள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு நூல்கள் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும் அவற்றுள் அடங்கும். இவற்றையே கத்தோலிக்கர் "இணைத் திருமுறை நூல்கள்" என்று வழங்குவர். ஒரே ஏடு ஒரு வீட்டில் தள்ளுபடி, அடுத்த வீட்டில் திருமுறை.

ஓபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்திற்குச் செல்லும் குடும்பத்துப் பிள்ளையும், ஷார்ட் தெருவிலுள்ள தமிழ் மெதடிஸ்ட் திருச்சபைக்குச் செல்லும் குடும்பத்துப் பிள்ளையும் பொங்கோலில் ஒரே அடுக்குமாடியில் வளர்கின்றனர்; ஒரே தமிழ் வகுப்பில் அமர்கின்றனர். ஒருவருக்கு விவிலியம், 73 நூல்கள். மற்றவருக்கு வேதாகமம், 66 நூல்கள். "நீங்கள் சேர்த்துவிட்டீர்கள்" என்று ஒரு பிள்ளையும், "நீங்கள் கிழித்துவிட்டீர்கள்" என்று மற்றொரு பிள்ளையும் வாதிடுவதை நான் கேட்டிருக்கிறேன். இரண்டும் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்த வாசகங்கள் அல்ல, வீட்டில் கேட்டவை. சமய போதனை நமது வேலையன்று, செய்யவும் கூடாது. ஆயினும் ஒரு சொல்லின் பொருளையும் வரலாற்றையும் சொல்லுவது தமிழாசிரியர் வேலையே. இந்த வழக்கில் இரு தரப்பும் ஒரு தவறான கருத்தின் மேல் நிற்கின்றன என்பது என் எண்ணம். கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ, எல்லாரும் ஒப்பி முடித்த ஒரே பட்டியல் ஒன்று முதலில் இருந்திருக்க வேண்டுமல்லவா? கிறித்தவத்தின் தொடக்கக் காலத்தில் அப்படியொன்று இருந்ததாகத் தெரியவில்லை.

அக்கால யூதரையே எடுத்துக்கொள்வோம். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், யூதருக்கு நூல்கள் 22 மட்டுமே என்றும், அவற்றில் எதையும் கூட்டவோ குறைக்கவோ எவரும் துணிந்ததில்லை என்றும் உறுதியாக எழுதினார். எபிரேய எழுத்துகளும் 22 என்பது கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ அதே தலைமுறையில் எழுந்த நான்காம் எஸ்ரா என்னும் யூத நூலோ, எஸ்ரா மொத்தம் 94 நூல்களை எழுதுவித்தார், அவற்றில் 24 எல்லாருக்கும், 70 அறிவுடையோருக்கு மட்டும் என்கிறது. 22, 24 என்னும் வேறுபாடு பெரிதன்று. நூல்களைச் சேர்த்து எண்ணும் முறையால் வருவது. பெரிய வேறுபாடு அந்த 70.

1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களும் இதையே காட்டுகின்றன. அங்கே எஸ்தர் ஒன்று நீங்கலாக எபிரேய வேதத்தின் எல்லா நூல்களின் துண்டுகளும் கிடைத்தன. அவற்றோடு தோபித்தும் சீராக்கும் கிடைத்தன, ஏனோக்கும் கிடைத்தது. அவற்றைப் படித்தவர்கள் எதை எந்தத் தட்டில் வைத்தார்கள் என்று சுருள்கள் சொல்லவில்லை. ஏனோக்கு நூலை மேற்கோள் காட்டும் யூதாவின் கடிதம் கத்தோலிக்கர், புரோட்டஸ்டண்டினர் இருவரின் புதிய ஏற்பாட்டிலும் இருக்கிறது. ஏனோக்கு நூலோ இருவரிடமும் இல்லை. அதை வேதமாக வைத்திருப்பது எத்தியோப்பியத் திருச்சபை!

கி.பி. 90 அளவில் யாவ்னே என்னும் ஊரில் யூத அறிஞர் சங்கம் கூடிப் பட்டியலை முடித்தது என்று பல பாடநூல்கள் எழுதின. இன்றும் சிலர் அதைச் சொல்கின்றனர். அது 19ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒருவரின் ஊகம். 1964இல் ஜாக் லூயிஸ் என்பவர் சான்றுகளை ஆராய்ந்து அதற்கு அடிப்படை மிகக் குறைவு என்று காட்டிய பின் அறிஞரிடையே அது செல்வாக்கிழந்தது. அங்கே சில நூல்களைப் பற்றி விவாதம் நடந்தது உண்மை. விவாதம் வேறு, தீர்ப்பு வேறு.

தொடக்கக் காலக் கிறித்தவருள் பெரும்பாலோர் எபிரேயம் அறியாதவர். அவர்கள் கையிலிருந்தது எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் கிரேக்க வேதம். அதில் இந்த நூல்களும் உடன் வந்தன. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் நடந்த கடிதப் போக்குவரத்து ஒன்று தமிழாசிரியர்களுக்கு மிகவும் சுவைக்கும். கிரேக்கத் தானியேல் நூலில் சூசன்னா என்னும் பெண்ணின் கதை வருகிறது. இரு முதியவர் அவள் மீது பொய்ப்பழி சுமத்துகின்றனர். இளைஞன் தானியேல் இருவரையும் பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்கிறான். ஒருவன் ஒரு மரம் சொல்ல, மற்றவன் வேறு மரம் சொல்லி மாட்டிக்கொள்கின்றனர். முதல் மரத்தின் கிரேக்கப் பெயர் ஸ்கீனோஸ். தானியேல் உடனே பிளத்தலைக் குறிக்கும் அதே ஒலியுடைய வினையால் அவனைச் சபிக்கிறான். மற்றது பிரீனோஸ்; அதற்கு அறுத்தலைக் குறிக்கும் அதே ஒலியுடைய வினை. ஆப்பிரிக்கானுஸ் என்னும் அறிஞர் இதைப் பிடித்துக்கொண்டார். இச்சிலேடை கிரேக்கத்தில் மட்டுமே நிற்கும். ஆகவே கதை எபிரேயத்திலிருந்து வந்ததன்று, வேதத்தில் சேராது என்று ஓரிஜனுக்கு எழுதினார். எவ்வளவு கூரிய பார்வை! சிலேடையை மொழிபெயர்க்க முயன்று தோற்றவர்களுக்கே அதன் அருமை விளங்கும். ஓரிஜன் யூத அறிஞரிடம் அம்மரங்களின் எபிரேயப் பெயர்களை விசாரித்தார்; தெளிவான விடை கிட்டவில்லை. இருந்தும் திருச்சபைகள் காலங்காலமாகப் படித்துவரும் ஏட்டைத் தூக்கியெறிய இது போதாது என்று பதில் எழுதினார். ஒருவர் மூலமொழியைக் கேட்டார், மற்றவர் வழக்கைக் கேட்டார். பின்னர் எரோணிமுஸ் மூலமொழியின் பக்கமும், அகுஸ்தீன் வழக்கின் பக்கமும் நின்றனர். 16ஆம் நூற்றாண்டில் லூத்தரும் 1546இல் திரிதெந்து சங்கமும் ஆளுக்கொரு பக்கம் எடுத்தபோது வழக்குக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயதாகியிருந்தது.

நமக்கு இது புதிதா? பதினெண்கீழ்க்கணக்கில் எண் 18 என்பது உறுதி. பதினெட்டாவது நூல் இன்னிலையா கைந்நிலையா என்று புலவர்கள் எத்தனை காலம் வாதிட்டார்கள்! எண் முன்னே நின்றது; நூலைப் பின்னால் தேடினார்கள். "திருமுறை" என்னும் சொல்லும் சைவர் தம் பன்னிரு திருமுறைக்கு வழங்கியது. அதைக் கிறித்தவர் எடுத்தாண்டது அழகான செயல் என்றே கருதுகிறேன். எனினும் "இணை" என்ற அடைமொழியிலும் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. "தள்ளுபடி"யில் அது வெளிப்படையாக இருக்கிறது. வகுப்பில் நான் இரண்டையும் தவிர்த்து, தோபித்து, யூதித்து என்று நூற்பெயரையே சொல்கிறேன். யார் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று பிள்ளை கேட்டால் இரண்டையும் சொல்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு செய்தி. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கி, ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719இல் மறைந்த தமிழ்ப் பழைய ஏற்பாட்டை ஷுல்ட்ஸே நிறைவு செய்தார். இருவரும் லூத்தரன் சபையினர். 1728இல் அச்சாகி முடிந்த அந்தப் பதிப்பில் இந்த நூல்களும் இடம்பெற்றிருந்தன. நூறாண்டு கழித்து, 1820களில், பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடுவதில்லை என்று முடிவெடுத்தது. புரோட்டஸ்டண்டு வீடுகளில் இவை அரிதானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 1995இல் இரு சபையாரும் சேர்ந்து கொணர்ந்த பொது மொழிபெயர்ப்பில் இவை இரு ஏற்பாடுகளுக்கும் இடையே தனிப் பகுதியாக மீண்டும் வந்தன.

அப்பொது மொழிபெயர்ப்பு உங்கள் வீட்டில் இருந்தால், இந்த விடுமுறையில் பிள்ளையோடு அமர்ந்து சூசன்னாவின் கதையைப் படியுங்கள், குறுகிய கதைதான். அந்த இரண்டு மரங்களும் தமிழில் என்ன பெயர் பெற்றிருக்கின்றன, சிலேடை தப்பியதா என்று பிள்ளையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.