மெத்தை என்று சொல்லிக் கட்டையை விற்கிறார்கள்

மின்சாரக் கார் வாங்கியவர்கள் முதல் மாதம் முழுக்க பெட்ரோல் மிச்சமான கணக்கைச் சொல்வார்கள். ஆறு மாதம் போனால் பேச்சு மாறிவிடும். "வண்டி நல்லாத்தான் இருக்கு சார், ஆனா தூக்கித் தூக்கிப் போடுது" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி இன்று ஒரு வியாபாரமே நடக்கிறது. அதற்கு 'சஸ்பென்ஷன் அப்கிரேடு' என்று பெயர். அதில் விற்கிற சரக்கில் பெரும்பகுதி, வண்டியை இன்னும் அதிகமாகத் தூக்கிப் போடவைக்கும் சரக்கு என்பது என் கட்சி. நம் பென்ஷன்கார நண்பர்கள் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடட்டும்.

எங்கள் மாப்பிள்ளைக்கு வேலை விழுப்புரத்தில், குடித்தனம் திண்டிவனத்தில். போக வர 80 கிலோமீட்டர் போலத்தான். மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீட்டர். மின்சாரக் கார் வாங்கி மூன்று வருடம் ஆகப் போகிறது. மீட்டர் 65,000 தாண்டிவிட்டது. வாரம் இரண்டு நாள் நானும் என் மனைவியும் அதே வண்டியில் முண்டியம்பாக்கம் வரை போகிறோம். அவளுக்கு முதுகெலும்புத் தேய்மானம். நாற்கரச் சாலையில் ஒன்றும் தெரியாது. திண்டிவனம் ஊருக்குள்ளும், நெடுஞ்சாலையை விட்டு சர்வீஸ் ரோட்டில் இறங்கினதும்தான் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு சஸ்பென்ஷன் என்பது சொகுசு விவகாரம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை ஒரு கடையில் விசாரித்து வந்தார். காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே சொருகும் ரப்பர் பஃபர், 4,000 ரூபாய். வண்டியை உயர்த்தும் ஸ்பேசர் வேண்டுமானால் அது தனி. எல்லாவற்றையும் கழற்றிப் புது 'கிட்' போட்டால் 70,000. "மாமா, தேர் மாதிரி போகும்னு சொல்றாங்க" என்றார். "மாப்பிள்ளை, தேருக்கு ஸ்பிரிங்கே கிடையாது. மயிலம் தேரில் ஏறி உட்கார்ந்தவங்களைக் கேட்டுப் பாருங்க" என்றேன்.

விஷயம் சிக்கலானது இல்லை. பேட்டரியின் பாரத்தால் மின்சாரக் கார், அதே அளவு பெட்ரோல் காரைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. அந்தப் பேட்டரி வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. அது கல்லில் இடிக்கக் கூடாது. ஆகவே ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கிறார்கள். அதிகம் அமுங்க விடுவதில்லை. பாரம் தாங்கும்படி டயரிலும் காற்றைக் கூடுதலாக வைக்கச் சொல்கிறார்கள். என்ஜின் சத்தம் வேறு கிடையாதா, அடியில் ஒவ்வொரு 'டொக்'கும் காதில் விழுகிறது. (பாதிப் பேர் சத்தத்தைக் கேட்டுவிட்டு உலுக்குகிறது என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.)

அப்படியானால் மருந்து என்ன? விறைப்பைக் குறைப்பது, அல்லது துள்ளலை அடக்குவது. ரப்பர் பஃபர் இந்த இரண்டில் எதையும் செய்யாது. சுருள் சுருளாக அமுங்க வேண்டிய ஸ்பிரிங்கில் ஒரு சுருளை அமுங்க விடாமல் முட்டுக்கொடுக்கிறது. மிச்சச் சுருள்கள் மட்டும் வேலை செய்வதால் ஸ்பிரிங் முன்னைவிட விறைத்துப் போகிறது. பின்பக்கம் தொய்ந்துபோன பழைய டாக்சியில் ஏழு பேரை ஏற்றுகிறவனுக்கு அதனால் ஒரு லாபம் உண்டு, அடி தட்டாது. இரண்டு கிழங்கள் உட்கார்ந்து போகும் காருக்கு அதைப் போட்டு 'குஷன்' என்று சொல்வது, கட்டையைக் காட்டி மெத்தை என்பது போல.

விலை உயர்ந்த கிட்டுகளின் கதையும் ஏறக்குறைய அதுதான். வளைவில் வண்டி சாயாமல் வேகமாகப் போக விரும்பும் இளைஞர்களுக்காகச் செய்தவை பல. சாயாமல் இருக்க விறைப்பு வேண்டும். அது அவர்கள் ஆசை, தப்பில்லை. அதையே நமக்கு 'கம்ஃபர்ட்' என்று விற்பதுதான் தப்பு. பெரிய அலாய் வீல் இன்னொரு மோசம். வீல் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். பள்ளத்தின் முதல் அடியை வாங்குவது அந்தப் பக்கச்சுவர்தானே?

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். ஷாக் அப்சார்பருக்கு அந்த மொழியில் 'அமோர்த்திஸர்' என்று பெயர். 'மோர்' என்றால் சாவு. துள்ளலைச் சாகடிப்பது என்று பொருள் கொள்ளலாம். ஸ்பிரிங் துள்ளும், அமோர்த்திஸருக்குள் இருக்கும் எண்ணெய் சின்னத் துவாரங்களின் வழியாகப் பிதுங்கி அந்தத் துள்ளலைச் சூடாக மாற்றி அழித்துவிடும்.

சித்ரோன் கம்பெனியில் பியேர் பூலாஞ்ஜே என்ற நிர்வாகி 1930-களில் தன் பொறியாளர்களுக்கு ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு குடியானவர்களும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும். உழுத வயலின் குறுக்கே ஓட்டினால் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. 1948-இல் பாரீஸ் கண்காட்சியில் வெளிவந்த அந்தத் தகர டப்பாதான் 'தெ ஷெவோ', அதாவது 2சிவி. வளைவில் அது கவிழ்ந்துவிடுமோ என்று தோன்றும்படி சாயும். ஆனால் முட்டை உடையாது! 1990 வரை அதை விற்றார்கள். சக்கரத்தைத் தாராளமாக மேலும் கீழும் போகவிட்டு, பிறகு அடக்கினார்கள். சொகுசின் ரகசியம் அவ்வளவுதான். நம் ஊர்க் கடைக்காரர் சக்கரத்தை அசையவிடாமல் கட்டிப்போடுவதற்குக் காசு கேட்கிறார்.

நான் குமாஸ்தா, சட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. ஸ்பேசர் வைத்து உயர்த்திய வண்டிக்கு நாளை விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். உத்தரவாதத்தைக் கம்பெனி மறுக்கும். கடைக்காரர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

சரி, என்னதான் செய்வது? முதலில் காற்று. எங்கள் வண்டியில் டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண் 33. பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையன் "எலக்ட்ரிக்கா சார், நாப்பது வெச்சாத்தான் ரேஞ்ச் வரும்" என்று 40 வைத்துவிட்டிருந்தான். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது 33-க்கு இறக்கினோம். காசில்லாத இந்த ஒரு வேலையிலேயே கால்வாசி வித்தியாசம் தெரிந்தது. (மென்மையாக இருக்குமே என்று 28-க்கு இறக்கிவிடாதீர்கள். பாரத்துக்கு டயர் சூடேறும்.) அடுத்து, பானட்டின் மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. எங்கள் வண்டி ஆடியது. 65,000 ஓடியாயிற்று, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் பிய்ந்துபோன ரோடுகளில் மாதக்கணக்கில் அடி வாங்கியிருக்கிறது. அதே கம்பெனி உதிரிபாகமாக நான்கு ஷாக் அப்சார்பரும், முன்பக்க லிங்க் ராடும், தேய்ந்த புஷ்ஷும் மாற்றினோம். 70,000-இல் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்போது என் மணிக்கட்டுக்கு விடுதலை, ஒரே ஓர் இடத்தைத் தவிர.

அந்த இடத்துக்கு வருகிறேன். எங்கள் தெரு முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. பிரெஞ்சில் இதற்குக் 'கழுதை முதுகு' என்று பெயர். கழுதைக்குக்கூட இப்படி முதுகு இராது. அரசுப் பணியில் சாலை சம்பந்தப்பட்ட கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் வருட வழிகாட்டியில் (ஐ.ஆர்.சி. 99) வேகத்தடைக்கு அளவு கொடுத்திருந்தார்கள். உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் உலுக்காமல் கடக்க. அந்த அகலம் இருந்தால் வண்டி ஏறி இறங்கும். எங்கள் முனையில் இருப்பதை டேப் வைத்து அளந்தேன். உயரம் 17 செ.மீ., அகலம் 60 செ.மீ.! அது வேகத்தடை இல்லை, படி. வெள்ளைக் கோடு கிடையாது, முன்னறிவிப்புப் பலகை கிடையாது. எந்தக் கிட்டும் அதன் மேல் முட்டையைக் காப்பாற்றாது. அந்தப் பூலாஞ்ஜேயே வந்தாலும் நடக்காது.

"ரோடு சரியாகிற காலத்துக்கு நாம இருக்க மாட்டோம் சார், காரையாவது சரி பண்ணிக்கலாம்" என்றார் ஒரு நண்பர். காரைச் சரி பண்ணியாயிற்றே! ஆளாளுக்கு 70,000 கொடுத்து அந்தப் படியைத் தாங்கப் பழகினால், அது அங்கேயே இருக்கும். கார் இல்லாதவர் ஷேர் ஆட்டோவில் அதே படியில் ஏறுகிறார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸும் ஏறுகிறது. அதில் படுத்திருப்பவருக்கு எந்தக் கடைக்காரர் பஃபர் மாட்டுவார்?

அளவுகளோடு, படம் வரைந்து, மனு தயாராக இருக்கிறது. வேகத்தடையை எடுக்கச் சொல்லவில்லை. அந்த முனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கிறார்கள். விதிப்படி அகலமாக்கி வெள்ளை அடிக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இதுவரை 14 கையெழுத்து. திண்டிவனத்து நண்பர்கள் வந்தால் போட்டுவிட்டுப் போகலாம். காலை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சாயங்காலம் வாருங்கள்.