விசைப்பலகை யார் கையில்?

கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணையின் நீர்மட்டத்தைக் குறித்து வைக்க ஐந்து பேர் சேர்ந்து ஒரு கணிப்பொறி நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? வீட்டில் கணிப்பொறி உள்ளவரே முழுவதையும் எழுதுவார். மலைக் கிராமத்து மாணவிக்கோ அறிக்கைக்கு அட்டை போடும் வேலை! மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. இது சரியா?

குழுவாக வேலை செய்யும் முறையையும் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்க அறிஞர் பாரி போமும் அவருடைய சகாக்களும் அப்படியொரு சோதனையின் முடிவை 1984-இல் வெளியிட்டனர். ஏழு மாணவர் குழுக்களுக்கும் ஒரே வேலை. நான்கு குழுக்கள் தேவைகளை முதலில் விரிவாக எழுதிக்கொண்டன. மூன்று குழுக்கள் மாதிரி ஒன்றைச் செய்து பார்த்துத் திருத்தின. மாதிரி செய்தவர்களின் நிரல் சுமார் 40 சதவீதம் சிறியது. உழைப்பும் 45 சதவீதம் குறைவு. ஆனால் எழுதித் தொடங்கியவர்களின் நிரலில் அமைப்பு ஒழுங்காக இருந்தது. பாகங்களை இணைப்பதும் எளிது. வெறும் வாதத்தால் இது தெரிந்திருக்குமா? ஏழு குழுக்கள் குறைவுதான். ஆகவே நீங்களும் செய்து பாருங்களேன்!

ஒரு குறிப்பேடு போதும். யார் எத்தனை மணி நேரம் உழைத்தார், எந்தப் பிழையை யார் கண்டார் என்று தினமும் எழுதுங்கள். வாரந்தோறும் விசைப்பலகை கை மாறட்டும். "வேலை தாமதமாகுமே" என்பீர்கள். ஆகட்டும்! ஐவரும் கற்பதற்காகத்தானே பள்ளி?

அந்தக் குறிப்பேட்டுக்கும் ஆசிரியர்கள் மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கருத்து. இயற்பியல் ஆய்வகத்தில் அளவீடுகள் இல்லாத விடையை நாங்கள் ஏற்பதில்லையே!