ஸ்னோமொபைலுக்கு இரங்கலுரை எழுதுவோருக்கு

பத்திரிகைத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட முதற் பாடங்களுள் ஒன்று, மரணத்தை உறுதிப்படுத்தாமல் மரணச் செய்தியை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பதாகும். வட அமெரிக்காவின் பனிக்கால விளையாட்டுகள் பற்றி எழுதுகின்ற சிலருக்கு இந்தப் பாடத்தை எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். கடந்த பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் ஸ்னோமொபைலுக்கு இரங்கலுரை எழுதி வருகின்றனர். அதன் இடத்தை ஸ்னோபைக் பிடித்துவிட்டதாம். இரண்டு சறுக்குப்பலகைகள் பூட்டிய அந்தப் பருத்த வண்டியை இனி நூதனசாலையில்தான் பார்க்க முடியுமாம்.

பனி விழாத நாடுகளில் வாழும் வாசகர்களுக்காக இரண்டும் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மண்பாதைகளிலும் மேடு பள்ளங்களிலும் ஓடுவதற்கென அமைந்த டேர்ட் பைக் ரக மோட்டார் சைக்கிளின் முன்சில்லைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒற்றைச் சறுக்குப்பலகை ஒன்றைப் பூட்டுகின்றனர். பின்சில்லையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் நீக்கி, புடைப்புகள் கொண்ட நீண்ட இறப்பர்ப் பட்டையொன்றைப் பொருத்துகின்றனர். சில்லைச் சுழற்றிய சங்கிலி இப்போது அந்தப் பட்டையைச் சுழற்றும். இதுவே ஸ்னோபைக். கிளச், கியர், கைபிடி யாவும் மோட்டார் சைக்கிளுக்குரியவையே. ஸ்னோமொபைலுக்கு முன்னால் இரண்டு சறுக்குப்பலகைகள், பின்னால் அகன்ற பட்டை, கியர் மாற்றும் வேலையில்லாத பெல்ற் இயக்கம். ஓட்டுபவர் விசையை அழுத்தினால் போதும், வண்டி புறப்பட்டுவிடும்.

ஒற்றைப் பலகையில் ஓடும் வண்டி புதிய கண்டுபிடிப்பும் அல்ல. கார் உற்பத்தியாளரான கிறைஸ்லர் நிறுவனம் 1970களின் இறுதியில் 'ஸ்னோ ரன்னர்' என்ற பெயரில் சிறிய என்ஜின் பூட்டிய இத்தகைய வண்டியொன்றை வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே அது சந்தையிலிருந்து மறைந்துபோயிற்று. இன்றைய ஸ்னோபைக்கின் எழுச்சிக்குப் பெரிதும் காரணமானது ஐடஹோ மாநிலத்தின் சாண்ட்பொயின்ற் நகரில் உருவான ரிம்பர்ஸ்லெட் நிறுவனம். 2015இல் அதனை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? ஸ்னோமொபைல் உற்பத்தியில் முன்னணியில் நிற்கும் பொலாரிஸ். 2017இல் அஸ்பென் நகரில் நடைபெற்ற எக்ஸ் கேம்ஸ் பனிக்காலப் போட்டிகளில் ஸ்னோபைக் ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றதும், இரங்கலுரை எழுதுவோரின் பேனா இன்னும் வேகமெடுத்தது.

அவர்கள் கூறுவதில் உண்மையே இல்லையென நான் சொல்ல மாட்டேன். 450 சிசி என்ஜின் பூட்டிய ஸ்னோபைக்கின் எடை சுமார் 150 கிலோகிராம். எரிபொருள் நிரப்பிய மலை ஸ்னோமொபைல் ஏறத்தாழ 250 கிலோகிராம் வரும். பின்னையது ஆழ்ந்த பனியில் புதைந்துவிட்டால் அதைத் தோண்டியெடுப்பதற்குள் ஓட்டியவரின் முதுகெலும்பு விடைபெற்றுவிடும். மலைச்சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது ஸ்னோமொபைல் ஓட்டுபவர் தன் உடற்பாரம் முழுவதையும் மேற்பக்கம் சாய்த்து வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். ஸ்னோபைக்கோ சைக்கிளைப்போல் சாய்ந்து கொடுக்கும். நெருக்கமான மரங்களுக்கிடையே அது நுழைந்து செல்லும் இலாவகத்தைப் பார்த்தால் எவருக்கும் ஆசை பிறக்கும். 50 குதிரைவலுவை வைத்துக்கொண்டு, 165 குதிரைவலு கொண்ட வண்டி போகத் தயங்கும் காட்டுக்குள் போய்வருவது சாதனைதான்.

ஆனால் இந்த ஒப்பீடு முழுவதும் ஒரேயொரு கேள்வியின் மீது கட்டப்பட்டிருக்கிறது: விடுமுறை நாளில் மலைக்குச் செல்லும் வசதிபடைத்த இளைஞனுக்கு எது கூடுதலாகக் கிளுகிளுப்பூட்டும்? இந்தக் கேள்விக்கு ஸ்னோபைக்தான் விடையென்றால் அப்படியே இருக்கட்டும். அந்த விடையை எடுத்துக்கொண்டு, ஓர் ஊர்தியின் காலம் முடிந்தது என்று அறிவிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முதலில் மலிவு என்ற வாதத்தைப் பார்ப்போம். "ஏற்கெனவே வீட்டில் நிற்கும் மோட்டார் சைக்கிளைக் குளிர்காலத்திலும் பயன்படுத்தலாம், ஒரே என்ஜின், இரண்டு பருவம்" என்கின்றனர். விற்பனையாளரின் வாயில் இது இனிப்பாகத்தான் இருக்கும். மாற்றுத் தொகுதிக்கே பல ஆயிரம் டொலர் வேண்டும். புதிய 450 சிசி மோட்டார் சைக்கிளின் விலையையும் அதனோடு கூட்டினால், ஸ்னோமொபைல் ஒன்றின் விலையை நெருங்கிவிடுவோம். அதன் பின்னர்தான் இதர செலவுகள் தொடங்குகின்றன. கோடை வெயிலில் சூடேறாமல் இருப்பதற்காக வடிவமைக்கப்பட்ட ரேடியேற்றர், உறைபனியில் என்ஜினை அளவுக்கு மீறிக் குளிர்வித்துவிடும். எனவே அதற்கு மூடுதிரை வேண்டும், தேர்மோஸ்ரற் வேண்டும், காற்றுப் புகும் வழியைப் பனித்தூள் அடைக்காதபடி காப்பும் வேண்டும். பந்தயத்துக்கென உருவான இந்த என்ஜின்களின் பராமரிப்பு ஓடிய மணித்தியாலங்களால் கணக்கிடப்படுவது. ஒன்று, ஒன்றரை லீற்றர் எண்ணெய் மட்டுமே கொள்ளும் அவற்றை ஆழ்பனியில் நாள் முழுவதும் முழுவிசையில் உழவைத்தால் என்ன நடக்குமென்பதை மெக்கானிக்கிடம் கேளுங்கள். வீடியோப் படம் பிடிப்பவரிடம் கேட்காதீர்கள்.

இனி எனது பிரதான வாதத்துக்கு வருகிறேன். ஸ்னோமொபைலின் வரலாறு விளையாட்டுத் திடலில் தொடங்கவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வல்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் ஆர்மண்ட் பொம்பாடியே என்ற மெக்கானிக் கராஜ் வைத்திருந்தார். 1934இன் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. வீதிகள் எல்லாம் பனியில் மூடுண்டு கிடந்தன. பனியில் ஓடக்கூடிய வண்டியொன்றை அமைப்பதற்கு அந்தத் தந்தை ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்தார். ஆனால் அன்று அது ஓடக்கூடிய நிலையில் இருக்கவில்லை. குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அவன் இறந்துபோனான்.

அடுத்த ஆண்டிலேயே பல்சக்கரமும் பட்டையும் இணைந்த இயக்கமுறையை அவர் கண்டறிந்தார். 1937இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழுபேர் பயணஞ்செய்யக்கூடிய பி-7 வண்டியும் பின்னர் பன்னிருவருக்கான பி-12 வண்டியும் வெளிவந்தன. மருத்துவர்கள் அவற்றில் நோயாளரிடம் சென்றனர், தபால் சென்றது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சென்றனர். 1948இல் கியூபெக் அரசு வீதிகளில் பனியகற்றுவதைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியபோது அவருடைய வியாபாரம் சரிந்தது. அதன் பின்னரே அவர் சிறிய வண்டியின் பக்கம் திரும்பினார். 1959இல் வெளிவந்த ஸ்கி-டூ அதன் விளைவு. நாய் இழுக்கும் சறுக்குவண்டிக்கு மாற்றாக அமைய வேண்டுமென்று 'ஸ்கி-டோக்' எனப் பெயரிட எண்ணியிருந்தார்; எழுத்துப்பிழையொன்றால் அது ஸ்கி-டூ ஆகிவிட்டதென்பர். (அச்சுப்பிழைகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு, ஒரு பிழையாவது இலாபமீட்டியதில் மகிழ்ச்சியே.) அதன் முதல் வண்டிகளுள் ஒன்று வட ஒன்ராறியோவில் பழங்குடி மக்களிடையே பணிபுரிந்த கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரிடம் சென்றது.

ஆகவே, நோயாளியை ஏற்றுவதும் பொதியை இழுப்பதும் இரண்டாமவரைச் சுமப்பதும் இந்த ஊர்தியின் பிறவிக்குணம். கனடாவின் வடக்கில் இனுயிட் வேட்டைக்காரர்கள் 'கமுடிக்' எனும் நீண்ட மரச்சறுக்குவண்டியை அதன் பின்னால் கட்டி, குடும்பத்தையும் கூடாரத்தையும் வேட்டையிறைச்சியையும் ஏற்றிக்கொண்டு கடற்பனி மீது செல்கின்றனர். அந்தக் கமுடிக்கை ஸ்னோபைக்கில் கட்டிப் பார்க்கட்டும். ஒற்றைப் பலகையில் சமநிலை தேடும், பின்னோட்டம் இல்லாத, ஒருவருக்கு மட்டுமே இருக்கை கொண்ட வண்டி அதை எத்தனை தூரம் இழுக்கும்?

ஸ்னோமொபைல் குற்றமற்றதென்று நான் வாதாடவில்லை. மானிடவியலாளர் பெர்த்தி பெல்டோ 1973இல் வெளியிட்ட 'ஸ்னோமொபைல் புரட்சி' என்ற நூல், பின்லாந்தின் வடகோடியில் வாழும் ஸ்கொல்ற் சாமி மக்களிடையே இவ்வண்டி ஏற்படுத்திய உடைவுகளை விவரிக்கிறது. 1960களின் முற்பகுதியில் வண்டி வந்தது. சில ஆண்டுகளுக்குள் வண்டியிழுக்கும் கலைமான்கள் தேவையற்றுப் போயின. பெற்றோலுக்கும் உதிரிப்பாகத்துக்கும் பணம் உள்ளவன் மந்தையைத் தக்கவைத்தான். இல்லாதவன் மேய்ச்சலையே விட்டு வெளியேறினான். இது கடுமையான குற்றச்சாட்டு, நியாயமானதும்கூட. ஒரு சமூகத்தின் உணவோடும் உழைப்போடும் கலந்துவிட்ட ஊர்தியின் மீதுதான் இத்தகைய குற்றச்சாட்டைச் சுமத்த முடியும். ஸ்னோபைக்கைப் பற்றி இப்படியொரு நூல் எழுத எவருக்கும் தேவை ஏற்படவில்லை.

புகையையும் இரைச்சலையும் கொண்டு ஸ்னோமொபைலைச் சாடுவோர் உண்டு. இரட்டை வீச்சு என்ஜினின் நீலப்புகை காரணமாக, 2000களின் தொடக்கத்தில் யெலோஸ்ரோன் தேசிய பூங்காவின் மேற்கு வாயிலில் கடமையாற்றிய காவலர்கள் முகமூடி அணிய நேர்ந்தது. அது வெட்கக்கேடான காலம். ஆனால் அந்த எதிர்ப்பின் விளைவாகவே நான்கு வீச்சு என்ஜின் கொண்ட, குறைந்த புகையும் குறைந்த ஒலியும் உடைய ஸ்னோமொபைல்கள் மட்டும் அங்கு அனுமதிக்கப்படலாயின. மலையேறும் ரகங்களில் இரட்டை வீச்சு என்ஜின் இன்றும் ஆட்சிபுரிகிறது. அதனை நான் ஆதரிக்கவில்லை. எனினும் பந்தய ஒலிபோக்கி பூட்டிய ஸ்னோபைக்கை அமைதியின் தூதுவனாகக் காட்டுவதை, அதன் பின்னால் ஒருமுறை நின்றவர் நம்பமாட்டார்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது, ஸ்னோபைக்கின் பெருமையாகப் பேசப்படும் அந்தக் குணமே: "ஸ்னோமொபைல் போகாத இடத்துக்கெல்லாம் போகும்." பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளில் ஸ்னோமொபைல் போகும் இடங்களே போதிய அளவு உயிர்களைக் குடித்துவிட்டன. 2008 டிசம்பர் 28ஆம் திகதி பேர்னி நகருக்கு அண்மையில் பனிச்சரிவில் சிக்கிய பதினொருவரில் எட்டுப்பேர் மாண்டனர். முதற் சரிவில் புதையுண்டவர்களைத் தோண்டிக்கொண்டிருந்தோர் மீது அடுத்த சரிவு வீழ்ந்தது. 2010 மார்ச் 13ஆம் திகதி ரெவெல்ஸ்ரோக் அருகே போல்டர் மலையில் சுமார் 200 பேர் கூடியிருந்த இடத்தில் பனி சரிந்து இருவர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 30 பேர் காயமடைந்தனர். 2016 ஜனவரியில் மக்பிரைட் பகுதியில் ஐவர் மாண்டனர். இனி மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கின் அடியில், வேறெந்த வண்டியும் எட்டாத இடத்தில், ஸ்னோபைக்கில் சென்றவரின் தொடையெலும்பு முறிந்தால் அவரை எதில் ஏற்றிக் கொண்டுவருவது? தோழரின் வண்டியில் இரண்டாவது இருக்கை இல்லை. ஹெலிகொப்டர் இறங்க வெளியில்லை. கடைசியில் மீட்புக் குழுவினர் எட்டியமட்டும் ஓட்டிவருவது எதனை? நூதனசாலைக்கு அனுப்பப்பட்டதாகச் சொல்லப்பட்ட அதே ஸ்னோமொபைலைத்தான்.

அந்தக் காடுகளில் வேறொரு குடியிருப்பாளரும் இருக்கிறார். மலைக் கரிபூ மான்கள் ஆழ்பனியின் மேல் நின்று மரங்களில் தொங்கும் பாசியைத் தின்று குளிர்காலத்தைக் கழிப்பவை. ஓநாய்கள் எளிதில் வரமுடியாத ஆழ்பனியே அவற்றின் கோட்டை. வண்டிகள் அழுத்திச்செல்லும் தடங்கள் இறுகி, ஓநாய்களுக்கு வீதிகளாகிவிடுகின்றன. இதனாலேயே மாகாண அரசு பெரும் நிலப்பரப்புகளை ஸ்னோமொபைல்களுக்கு மூடியது. தென் செல்கேர்க் மலைத்தொடரின் மந்தையில் 2018இல் மூன்று பெட்டைகள் மட்டுமே எஞ்சின. 2019 ஜனவரியில் கடைசி ஒன்றையும் பிடித்து வேறிடம் கொண்டுசென்றனர். காட்டுத் தொழிலே அந்த அழிவின் முதற் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், எஞ்சியிருக்கும் மந்தைகளின் அடர்காட்டுக்குள் நுழைவதற்கென்றே ஒரு வண்டியைச் செதுக்கிவிட்டு, "எங்கள் பட்டை குறுகியது, எங்கள் தடம் மெல்லியது" என்று வாதாடுவது என்ன நியாயம்? "எங்களுடையது ஸ்னோமொபைல் அல்ல, மோட்டார் சைக்கிள், தடை எங்களுக்குப் பொருந்தாது" என்போரும் இருக்கின்றனர். அமெரிக்க வனத்துறையின் விதிகள் பட்டையில் அல்லது பலகையில் பனிமேல் ஓடும் எந்த இயந்திர வண்டியையும் ஒரே வகுப்பில் அடக்குகின்றன. ஒரு பலகையா இரண்டா என்று அவை எண்ணுவதில்லை.

யமஹா நிறுவனம் 1968இலிருந்து தயாரித்துவந்த ஸ்னோமொபைல்களைக் கைவிடப்போவதாக 2023இல் அறிவித்தபோது, "பார்த்தீர்களா!" என்று சிலர் குதூகலித்தனர். சந்தை சுருங்குவது உண்மை. பனிக்காலமும் சுருங்குகிறது. பனி விழாத ஆண்டில் ஸ்னோபைக்கும் கராஜில்தான் நிற்கும்.

ஸ்னோபைக் விற்போரிடமும் அதைப் புகழ்வோரிடமும் நான் கேட்பது அதிகமல்ல. விளம்பரத்தில் வண்டியின் எடையைப் போடும்போது, அது இன்னொருவரை ஏற்றாது என்பதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். மாற்றுத் தொகுதியின் விலையை மோட்டார் சைக்கிளின் விலையோடு கூட்டிச் சொல்லுங்கள். கரிபூக்களின் மலைக்கு இட்ட தடை உங்களுக்கும் உரியதென்பதை உங்கள் வீடியோக்களின் முதல் நிமிடத்திலேயே கூறுங்கள். இரங்கலுரையை அதன் பிறகு எழுதலாம். வடக்கின் கிராமமொன்றில் ஒரு பிரசவத் தாயை உங்கள் வண்டி மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசேர்த்த செய்தி வந்ததும் நானே அதைத் திருத்தித் தருகிறேன்.