கடைசி குரூப் மேட்ச்: 40 வருடம் முன் அடைத்த ஓட்டையை 48 அணி உலகக் கோப்பை மறுபடி திறக்கிறதா?

ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரம் காலை 7.30 மணி. 2026 உலகக் கோப்பை அட்டவணையில் அந்த நேரத்துக்கு இரண்டு மேட்ச்கள் இருக்கின்றன. ஒன்று ஜோர்டான் - அர்ஜென்டினா. மெஸ்ஸி ஆடுவாரா என்று பலரும் போனில் அதைத்தான் திறப்பார்கள். இன்னொன்று கேன்சஸ் சிட்டியில் அல்ஜீரியா - ஆஸ்திரியா. குரூப் சுற்றின் 72 மேட்ச்களில் கடைசியாகத் தொடங்கும் ஜோடி இது.

டிசம்பரில் குலுக்கல் முடிந்து இந்தப் பெயர்கள் ஒரே குரூப்பில் வந்ததும் பழைய கால்பந்து ரசிகர்களுக்குச் சுருக்கென்றிருக்கும். அல்ஜீரியா, ஆஸ்திரியா, கடைசி குரூப் மேட்ச் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கு ஞாபகம் வருவது 1982.

கிஹோனில் என்ன நடந்தது?

1982 உலகக் கோப்பை, ஸ்பெயின். முதல்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த அல்ஜீரியா, தன் முதல் மேட்ச்சிலேயே மேற்கு ஜெர்மனியை 2-1 என்று சாய்த்தது. உலகக் கோப்பையில் ஓர் ஐரோப்பிய அணியை ஆப்பிரிக்க அணி வீழ்த்தியது அதுதான் முதல்முறை. அடுத்து ஆஸ்திரியாவிடம் 0-2 என்று தோற்றாலும், ஜூன் 24-ல் சிலியை 3-2 என்று வென்று அல்ஜீரியா தன் மூன்று மேட்ச்களையும் முடித்துவிட்டது.

பிரச்சினை இங்கேதான். அதே குரூப்பின் கடைசி மேட்ச், மேற்கு ஜெர்மனி - ஆஸ்திரியா, மறுநாள் ஜூன் 25-ல் கிஹோன் நகரில். களத்தில் இறங்கும்போதே இரு அணிக்கும் கணக்கு தெரியும். ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு அணியும் அடுத்த சுற்றுக்குப் போகும், அல்ஜீரியா வெளியே. மூன்று கோலுக்கு மேல் போனால் ஆஸ்திரியா வெளியே. டிரா என்றால் ஜெர்மனி வெளியே.

பத்தாவது நிமிடத்தில் ஹ்ருபெஷ் கோல் போட்டார். 1-0. அப்புறம் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் செத்துப்போனது. பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு, கோல்கீப்பரிடம் திருப்பிக் கொடுத்து, மீதி நேரத்தைக் கரைத்தார்கள். அரங்கில் இருந்த அல்ஜீரிய ரசிகர்கள் கரன்சி நோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரிய டிவி வர்ணனையாளரே நேயர்களிடம் டிவியை அணைத்துவிடச் சொன்னார். உள்ளூர் நாளிதழ் ஒன்று அந்த மேட்ச் செய்தியை விளையாட்டுப் பக்கத்தில் போடாமல் குற்றச் செய்திப் பக்கத்தில் போட்டது.

அல்ஜீரியா முறையிட்டது. எந்த விதியும் மீறப்படவில்லை என்று ஃபிஃபா நிராகரித்தது. கொடுமை என்னவென்றால், அது உண்மைதான். மெதுவாக ஆடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கோளாறு ஆட்டக்காரர்களிடம் பாதி என்றால் அட்டவணையில் மீதி. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து, ஒரு குரூப்பின் கடைசி இரண்டு மேட்ச்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. இன்று வரை அது இருக்கிறது.

ஒரே நேரம் என்பதில் என்ன பெருசு?

2022 கத்தார் உலகக் கோப்பையில் இ குரூப்பின் கடைசி ராத்திரியை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஜப்பான் - ஸ்பெயின், இன்னொரு பக்கம் ஜெர்மனி - கோஸ்டா ரிக்கா. இடைவேளையில் ஸ்பெயினும் ஜெர்மனியும் முன்னிலை, எல்லாம் எதிர்பார்த்தபடி. இடைவேளை முடிந்த சில நிமிடங்களில் ஜப்பான் இரண்டு கோல் போட்டது. 70வது நிமிடத்தில் கோஸ்டா ரிக்கா 2-1 என்று முந்தியபோது, சுமார் மூன்று நிமிடம் ஸ்பெயின், ஜெர்மனி இரண்டுமே வெளியே. கடைசியில் ஜெர்மனி 4-2 என்று ஜெயித்தும் ஊருக்குக் கிளம்பியது.

மறுநாள் தென் கொரியா. 91வது நிமிட கோலில் போர்ச்சுகலை வென்றுவிட்டு, மைதானத்திலேயே வட்டமாகக் கூடி நின்று, போனில் உருகுவே - கானா மேட்ச் முடியக் காத்திருந்தார்கள். உருகுவே இன்னொரு கோல் போட்டால் கொரியா காலி. போடவில்லை. பெஞ்சில் சுவாரெஸ் அழுதுகொண்டிருந்தார்.

இதெல்லாம் சும்மா த்ரில் மட்டும் இல்லை. எந்த அணிக்கும் தன் இலக்கு என்னவென்று உறுதியாகத் தெரியாது என்பதால்தான் எல்லோரும் ஓடினார்கள். ஒரே நேரத்தில் ஆடுவது சுயநலத்தை ஒழித்துவிடாது. 2004 யூரோவில் டென்மார்க்கும் ஸ்வீடனும் 2-2 என்று முடித்தால் இத்தாலி வெளியே என்பது முன்பே தெரிந்திருந்தது. 89வது நிமிடத்தில் ஸ்வீடன் சமன் செய்து, மேட்ச் அச்சு அசலாக 2-2 என்றே முடிந்தது. அங்கே சதி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அது அபூர்வம். பொதுவாகப் பக்கத்து மேட்ச்சில் என்ன ஆகும் என்ற பயம் அணிகளை நேர்மையாக வைத்திருக்கிறது.

அப்போ 2026-ல் என்ன மாறுகிறது?

48 அணிகள், நான்கு நான்காக 12 குரூப்கள். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு இடம் என்றால் 24 அணிதான் வரும். நாக் அவுட்டுக்கு 32 வேண்டும். அதனால் மூன்றாம் இடம் பிடித்த 12 அணிகளில் புள்ளி, கோல் வித்தியாசம் பார்த்துச் சிறந்த எட்டும் உள்ளே.

இங்கேதான் ஓட்டை. முதல் இரண்டு இடத்துக்கான போட்டி குரூப்புக்குள்ளேயே முடிகிறது. மூன்றாம் இடத்துக்கான போட்டி 12 குரூப்களுக்கு இடையே நடக்கிறது. ஆனால் 12 குரூப்களும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. ஜூன் 24 முதல் 27 வரை நான்கு நாள், நாளுக்கு மூன்று குரூப், ஒவ்வொன்றும் தனித்தனி நேரம்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங் பார்த்தவர்களுக்கு ஈஸியாகப் புரியும். ஒரே பரீட்சையை நான்கு நாளில் 12 பேட்ச் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். முதல் பேட்ச் கட்-ஆஃப் தெரியாமல் எழுதுகிறது. கடைசி பேட்ச், கட்-ஆஃப் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகு உள்ளே போகிறது. இரண்டு பேரும் ஒரே தரவரிசையில்.

இது கற்பனைப் பயம் இல்லை. 24 அணிகள் ஆடும் யூரோவில் இதே முறைதான், 2024-ல் அதன் விலையை ஹங்கேரி கொடுத்தது. ஏ குரூப், அதாவது முதலில் முடியும் குரூப். ஸ்காட்லாந்துக்கு எதிரான கடைசி மேட்ச்சில் அவர்களின் முன்கள வீரர் வர்கா மோதலில் முகத்தில் பலத்த காயம்பட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். அந்த அதிர்ச்சியோடு ஆடி, 100வது நிமிடத்தில் கோல் போட்டு 1-0 என்று ஜெயித்தார்கள். மூன்று புள்ளி, மூன்றாம் இடம். அப்புறம்? மூன்று நாள் டிவி முன் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஜூன் 26 இரவு, எஃப் குரூப்பில் ஏற்கெனவே முதலிடத்தை உறுதிசெய்து பல வீரர்களுக்கு ஓய்வு கொடுத்திருந்த போர்ச்சுகலை ஜார்ஜியா 2-0 என்று வென்றது. ஹங்கேரியின் கதை முடிந்தது. ஜார்ஜியாவின் மீது குறை ஒன்றும் இல்லை, முதல் பெரிய தொடரிலேயே அருமையான வெற்றி. ஆனால் என்ன தேவை என்று தெரிந்து ஆடும் வசதி ஜார்ஜியாவுக்கு இருந்தது, ஹங்கேரிக்கு இல்லை.

அதே நாள், இ குரூப்பில் இன்னும் ஒரு வேடிக்கை. நான்கு அணிக்கும் தலா மூன்று புள்ளி. ஸ்லோவாக்கியா - ருமேனியா டிரா செய்தால் இருவருக்கும் நான்கு புள்ளி. முன்பே முடிந்த குரூப்களின் நிலவரப்படி நான்கு புள்ளி தாராளமாகப் போதும். மேட்ச் 1-1 என்று முடிந்தது, இரண்டும் உள்ளே. முதல் பாதி விறுவிறுப்பாகவே போனது, ஒப்பந்தம் என்று சொல்ல ஆதாரமே கிடையாது. ஆனால் அதே நான்கு புள்ளி எடுத்த உக்ரைன் கடைசி இடத்துக்குப் போய் வெளியேறியது. நேர்மையாக ஆடிய மேட்ச்சையும் சந்தேகத்தோடு பார்க்க வைப்பதுதான் இந்த முறையின் பெரிய குறை.

கேன்சஸ் சிட்டி கணக்கு

இப்போது ஜெ குரூப்புக்கு வருவோம். அர்ஜென்டினா, அல்ஜீரியா, ஆஸ்திரியா, ஜோர்டான். ஒரு சாதாரண சாத்தியம்: அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் அர்ஜென்டினாவிடம் தோற்று, ஜோர்டானை வெல்கின்றன. தலா மூன்று புள்ளியோடு கடைசி மேட்ச்சுக்கு வருகின்றன.

டிரா செய்தால் தலா நான்கு. அது அநேகமாகப் போதும் என்பது யாருக்கும் முன்பே தெரியும். சுவாரசியம் அதில் இல்லை. தோற்கும் அணி மூன்று புள்ளியோடு நிற்கும் அல்லவா? அந்த மூன்று புள்ளி போதுமா, எத்தனை கோல் வரை தோற்கலாம் என்பதைப் பொதுவாக எந்த அணியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஜெ குரூப்பால் முடியும். அன்றைக்கு எல் குரூப் நம் நேரப்படி அதிகாலை 2.30-க்குத் தொடங்கும், கே குரூப் 5 மணிக்கு. இவர்கள் 7.30-க்குக் களம் இறங்கும்போது மற்ற 11 குரூப்களின் கணக்கும் பைசா சுத்தமாக முடிந்திருக்கும். மூன்று புள்ளிக்காரர்கள் போதிய அளவு பின்தங்கியிருந்தால், ‘1-0 என்று தோற்றாலும் உள்ளே’ என்ற நிலைமை வரலாம்.

ஒரு அணிக்கு 1-0 வெற்றி போதும், இன்னொன்றுக்கு 1-0 தோல்வி போதும். கிஹோனில் இருந்தது இதேதான். இந்த முறை அதில் அல்ஜீரியாவே ஒரு பக்கம் நிற்கும் என்பதுதான் விதியின் விளையாட்டு. எங்கோ ஒரு ஹோட்டலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது அணி எதுவோ, அதுதான் இன்றைய அல்ஜீரியா.

ஃபிஃபா தரப்பில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. முதலில் போட்ட திட்டம் இதைவிட மோசம்: மூன்று அணிகள் கொண்ட 16 குரூப்கள். அதில் கடைசி மேட்ச்சில் ஓர் அணி சும்மா உட்கார்ந்திருக்கும், அதாவது ஒவ்வொரு குரூப்பும் ஒரு கிஹோன். கத்தாரின் கடைசி நாள் பரபரப்பைப் பார்த்த பிறகு, 2023 மார்ச்சில் நான்கு அணி குரூப்புக்குத் திரும்பினார்கள். நல்ல முடிவு. மூன்றாம் இடத்துக்கும் வாய்ப்பு இருப்பதால் அர்த்தமில்லாத மேட்ச்கள் குறையும் என்பதும் உண்மை. 2016 யூரோவில் மூன்று மேட்ச்சையும் டிரா செய்து மூன்றாம் இடத்தில் தப்பித்த போர்ச்சுகல்தான் கோப்பையையே தூக்கியது.

ஆனால் இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும்? 2022-ல் 48 குரூப் மேட்ச்கள் 16 அணிகளை வெளியேற்றின. 2026-ல் 72 மேட்ச்கள் ஆடி வெளியேற்றப்போவதும் அதே 16 அணிகளைத்தான். ஒன்றரை மடங்கு ஆட்டம், அதே வடிகட்டல். மேட்ச் கூடினால் டிக்கெட்டும் ஒளிபரப்பும் கூடும் என்பதைத் தவிர இதற்கு விளையாட்டுக் காரணம் தேடுவது கஷ்டம்.

1986-ல் நடந்ததும் இதேபோல ஒரு முரண்தான். ஒரே நேரத்தில் ஆடும் விதி வந்த அதே உலகக் கோப்பையில்தான், 24 அணிகளுக்காக ‘சிறந்த மூன்றாம் இடம்’ என்ற வழியும் வந்தது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்தார்கள். ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத பல்கேரியா அதன் வழியாக அடுத்த சுற்றுக்குப் போனது. 1998-ல் 32 அணிகள் வந்த பிறகுதான் ஜன்னலும் மூடியது. 2022 வரை ஏழு உலகக் கோப்பைகள் அப்படியே ஓடின.

என்ன செய்யலாம்?

முழுத் தீர்வு 48 என்ற எண்ணுக்குள் இல்லை. 32 சுத்தமாக வகுபடும். 64-ம் வகுபடும், 2030-க்கு அதையே தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு கேட்டது. அப்படியானால் 128 மேட்ச்கள். நோய்க்கு அது மருந்தா, இன்னொரு நோயா என்பது வேறு விவாதம்.

ஆனால் சேதத்தைக் குறைக்க வழி உண்டு, அதற்கு விதிகூட மாற வேண்டாம். ஒரே நாளில் முடியும் மூன்று குரூப்களின் ஆறு மேட்ச்களையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம். இன்னும் தைரியம் இருந்தால், 16 அரங்கங்கள் கையில் இருக்கும் தொடரில் 12 மேட்ச்களை ஒன்றாக ஆடி, கடைசிச் சுற்றை இரண்டே நாளில் முடிக்கலாம். கடைசியாக ஆடும் அணிக்குக் கிடைக்கும் பதில்தாளின் பக்கங்கள் பாதியாகும். இதற்குத் தடையாகச் சொல்லப்படுவது வழக்கமாக டிவிதான். ஒரே நேரத்தில் ஆறு மேட்ச் ஓடினால் ஐந்தை யாரும் பார்க்க மாட்டார்களாம். கத்தாரில் இரண்டு திரையை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா தெரியாது. ஐபிஎல் லீக் சுற்றின் கடைசி வாரத்தில் ரன்ரேட் கணக்கைப் போனில் போட்டுக்கொண்டே மேட்ச் பார்க்கும் கூட்டத்துக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

இந்த முறை அட்டவணை முடிவாகிவிட்டது, மாறாது. மேலே சொன்ன கணக்கு நடக்கவே நடக்காமல் போகலாம். அல்ஜீரியா அர்ஜென்டினாவிடம் புள்ளி எடுக்கலாம், ஜோர்டான் யாரையாவது கவிழ்க்கலாம். நடந்தாலும் இரு அணியும் முழு மூச்சில் ஆடலாம். எப்படியும் ஞாயிறு காலை அந்த மேட்ச்சைத் திறப்பவர்கள், முதலில் மூன்றாம் இடப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஸ்கோர் 1-0 ஆக இருந்து, 70வது நிமிடத்துக்குப் பிறகு பந்து கோல்கீப்பரிடமே திரும்பத் திரும்பப் போனால், ஏன் என்று புரியும்.