உங்க போனில் ஆர்சிஎஸ் இருக்கா? உங்க அம்மா போனில் இருக்கா?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம்ம ஆட்களுக்கு லீவு நாள் என்றால் பொன்முடி ஞாபகம் வரும். விதுரா தாண்டி கல்லாறு வந்துவிட்டால், அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு முன் வண்டியை ஓரங்கட்டி வீட்டுக்கு இப்படி ஒரு மெசேஜ் போடுறீங்கன்னு வைத்துக்கொள்வோம்:

"அம்மா, கல்லாறு வந்தாச்சு. மேலே சிக்னல் இருக்காது, சாயங்காலம் பேசுறேன்."

இது எஸ்எம்எஸ்-ஆகப் போனால் சரியாக 70 குறியீடுகள். கூட ஒரே ஒரு புள்ளி வைத்தாலும் இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும்.

தமிழுக்கு மட்டும் ஏன் 70?

ஆங்கில எஸ்எம்எஸ்-க்கு 160 எழுத்து இடம் உண்டு. தமிழுக்கு யூனிகோட் தேவை என்பதால் பொதுவாக 70தான். அதிலும் 'கல்லாறு' நமக்கு 4 எழுத்து. எஸ்எம்எஸ் கணக்கில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி, மொத்தம் 7. பல பிளான்களில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்று வரம்பு இருப்பதால், தமிழில் எழுதுபவர்களுக்கு அது சீக்கிரமே தீர்ந்துவிடும்.

ஆர்சிஎஸ்-ல் இந்தச் சிக்கல் இல்லை. மெசேஜ் இன்டர்நெட் டேட்டா வழியாகப் போகிறது. தெளிவான போட்டோ அனுப்பலாம், மெசேஜைப் படித்தார்களா என்று பார்க்கலாம், குரூப் சாட் செய்யலாம். இதற்கான பொதுத் தரத்தை ஜிஎஸ்எம்ஏ 2016-ல் வெளியிட்டது. ஆப்பிள் 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 மூலம் இதில் சேர்ந்தது.

எப்படி செக் பண்ணுவது?

ஆண்ட்ராய்டு: கூகுள் மெசேஜஸ் ஆப்பைத் திறந்து, புரொஃபைல் படத்தைத் தொட்டு, 'மெசேஜஸ் செட்டிங்ஸ்', பிறகு 'ஆர்சிஎஸ் சாட்ஸ்' போங்க. 'கனெக்டட்' என்று இருந்தால் ஓகே. பழைய சாம்சங் போனில் வேறு மெசேஜ் ஆப் இருந்தால், கூகுள் மெசேஜஸை இன்ஸ்டால் செய்து டீஃபால்ட் ஆக்குங்க.

ஐபோன்: எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் அல்லது அதற்குப் பிந்தைய மாடலும், ஐஓஎஸ் 18 அல்லது அதற்கு மேலும் வேண்டும். 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'மெசேஜஸ்' போனால் 'ஆர்சிஎஸ் மெசேஜிங்' தெரியணும். போன் புதுசாக இருந்தும் அது தெரியவில்லையா? உங்க சிம் நிறுவனம் ஐபோனுக்கு இன்னும் அந்த வசதியைத் தரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

அவ்வளவுதானா?

இல்லை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உங்க போனில் 'கனெக்டட்' என்று இருப்பது பாதி விடை மட்டுமே. எதிர்முனையில் இருப்பவரின் போனிலும் ஆர்சிஎஸ் ஆன் ஆகியிருக்கணும். 2022-ல் இந்தியாவில் ஆர்சிஎஸ் வழியாக விளம்பரங்கள் குவிந்து புகார் கிளம்பியதால், கூகுளே இங்கு அந்த விளம்பரங்களை நிறுத்தி வைத்தது. அந்தத் தொல்லையில் வசதியையே ஆஃப் செய்து வைத்தவர்களும் இருக்கலாம்.

அடுத்தது பாதுகாப்பு. இரு பக்கமும் கூகுள் மெசேஜஸ் என்றால் பூட்டு அடையாளம் தெரியும். நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆனால் ஐஓஎஸ் 18-ல் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே ஆர்சிஎஸ் வந்தபோது அந்தப் பூட்டு இல்லை. அதற்கான தரத்தை ஜிஎஸ்எம்ஏ 2025 மார்ச்சில்தான் அறிவித்தது. எஸ்எம்எஸ்-க்குப் பூட்டே கிடையாது.

மலை ஏறும்போது டேட்டா போய்விட்டால், செட்டிங்கைப் பொறுத்து மெசேஜ் தானாகவே எஸ்எம்எஸ்-ஆக மாறிப் போகலாம். 'வந்தாச்சு' என்ற தகவலுக்கு அது நல்லதுதான். ஆதார் நம்பர், வங்கி விவரம் என்றால் நல்லதில்லை. அதனால் அனுப்பும் முன் டைப் செய்யும் பெட்டியைப் பாருங்க: 'ஆர்சிஎஸ் மெசேஜ்' என்று இருக்கா, 'டெக்ஸ்ட் மெசேஜ்' என்று இருக்கா?

ஆண்ட்ராய்டை விட்டு ஐபோனுக்கு மாறுகிறீர்களா? பழைய போனில் ஆர்சிஎஸ்-ஐ ஆஃப் செய்த பிறகே சிம்மைக் கழற்றுங்க. இல்லையென்றால் சில மெசேஜ்கள் பழைய போனைத் தேடிப் போய்விடும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா போனையும் ஒரு தடவை வாங்கி செக் பண்ணிடுங்க.