எல்லாச் செய்திக்கும் மணி அடிக்க வேண்டுமா?

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டு வீடு திரும்பும் முதியவரைவிட, அவருடைய பிள்ளைகளே அண்மைக்காலமாக என்னிடம் மிகுதியாகக் கேள்வி கேட்கின்றனர். ஒருவர் துபாயில் இருப்பார், மற்றொருவர் பெங்களூரில். அப்பாவின் நெஞ்சிலுள்ள கருவி சொல்லும் எல்லாவற்றையும் உடனுக்குடன் அறிய வழியுண்டா என்பதே அவர்களின் முதற்கேள்வி. தொலைவில் இருப்பவரின் கவலை அது, குறைசொல்ல ஏதுமில்லை. ஆயினும் 'எல்லாவற்றையும்' என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணம் மின்கலத்தில், அதாவது பேட்டரியில் தொடங்குகிறது.

உடலுக்குள் முழுமையாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. அது சில மணி நேரமே உழைத்தது. 2001-இல் அவர் மறையும்வரை இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் அவருக்கு மாற்றப்பட்டன. 1970-களில் லித்தியம்-அயோடைடு மின்கலம் புழக்கத்துக்கு வந்த பிறகே பேஸ்மேக்கர் ஆண்டுக்கணக்கில் உழைக்கத் தொடங்கியது. இன்றைய கருவியின் மின்கலம் ஏறத்தாழ ஒரு ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. அதிலிருந்து சராசரியாகப் பத்து மைக்ரோ ஆம்பியர் செலவானால் ஒரு லட்சம் மணி நேரம், அதாவது பதினோரு ஆண்டுக்குச் சற்று மேல் நீடிக்கும். அச்செலவு பதினைந்தாக உயர்ந்தால் ஏழரை ஆண்டில் தீர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஐந்து மைக்ரோ ஆம்பியர் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது. தீர்ந்த மின்கலத்தை மட்டும் கழற்றி மாற்ற இயலாது. தோலைத் திறந்து கருவியையே மாற்ற வேண்டும். முதன்முறை பொருத்துவதைக் காட்டிலும் மாற்றும்போது நோய்த்தொற்றுக்கான வாய்ப்பு கூடுதல். எண்பது வயதில் இன்னோர் அறுவையா, வேண்டாமா என்பதே இங்குள்ள கேள்வி.

கம்பியில்லாத் தொடர்பு கொண்ட எந்தச் சிறு கருவிக்கும் பேசுவது செலவு. பலர் அறியாதது, காத்திருந்து கேட்பதும் செலவு என்பது. 'எனக்கு அழைப்பு வருமா' என்று காதைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் மின்கலம் கரைகிறது. ஆகவே இக்கருவிகள் பெரும்பாலும் உறங்குகின்றன. குறித்த இடைவெளியில் ஒரு கணம் விழித்து, அழைப்பு இல்லையெனில் மீண்டும் உறங்கிவிடுகின்றன.

நம் புறநோயாளர் பிரிவை எண்ணிப் பாருங்கள். செவிலியர் கதவைத் திறந்து "அடுத்தவர் வாங்க" என்றால் அமர்ந்திருக்கும் ஐம்பது பேரும் நிமிர்கிறார்கள், எழுபவர் ஒருவரே. "நாற்பத்தொன்று முதல் ஐம்பது வரை" என்றால் பத்துப் பேர் நிமிர்வார்கள், மற்றவர் கண்ணயரலாம். கைப்பேசிக் கோபுரமும் இவ்வாறே ஒரே நேரத்தில் பல கருவிகளின் குழுவை நோக்கி அழைப்பு விடுகிறது. அழைப்பு தமக்கில்லை என்று அறிவதற்காகவே பல கருவிகள் வீணாக விழிக்கின்றன. உடலில் அணியும் கருவிகள், உணர்கருவிகள் போன்ற எளிய கருவிகளுக்காக 2022-இல் நிறைவடைந்த 5ஜி தரநிலையின் 17-ஆம் வெளியீட்டில் ரெட்கேப் என்னும் வகை சேர்க்கப்பட்டது. அதே வெளியீடு இந்த வீண்விழிப்பைக் குறைக்கவும் வழி செய்தது. குழுவை உட்குழுக்களாகப் பிரித்து, 'உங்களில் இன்னாருக்கு அழைப்பு வரவிருக்கிறது' என்று முன்கூட்டியே ஒரு சிறு குறிப்பை விடுகிறார்கள். குறிப்பில் தன் உட்குழு இல்லையேல் கருவி உறக்கத்தைத் தொடரும்.

பேஸ்மேக்கர் நேரடியாகக் கோபுரத்தோடு பேசுவதில்லை. படுக்கையருகே வைக்கும் பெட்டியுடனோ கைப்பேசிச் செயலியுடனோ குறுந்தொலைவில் பேசுகிறது. அங்கிருந்து செய்தி மருத்துவமனைக்கு வருகிறது. நம் மாவட்டத்தில் இவ்வசதி உடையோர் இன்னும் சிலரே. ஆனால் சிக்கனத்தின் நியதி ஒன்றுதான். 'எதற்கும் ஒருமுறை அனுப்பிப் பார்ப்போம்' என்று அடிக்கடி முழுப்பதிவையும் அனுப்பவைப்பது மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். உலகின் இதயத்துடிப்பு வல்லுநர் சங்கங்கள் 2023-இல் கூடி வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில்தான் செல்கிறது. தொடர்கண்காணிப்பு முறையாக நடக்குமானால், நாள் குறித்து அனுப்பும் பதிவுகளைவிட, பிழை நேரும்போது எழும் எச்சரிக்கைகளையே சார்ந்திருக்கலாம். நேரடி வருகையைக்கூட 24 மாதம் வரை தள்ளலாம் என்கிறது. குலசேகரத்துக்கு மேலே மலையடிவாரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவருக்கு இது சிறிய உதவியன்று.

மனிதரின் செவிக்கும் ஒரு மின்கலம் உண்டு. சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் உணர்கருவிகள் குடும்பத்தார் கைப்பேசிக்கே நேராக ஒலி எழுப்புகின்றன. 180-ஐத் தாண்டினாலே மணி அடிக்கும்படி வைத்துவிட்டால், மதியச் சோற்றுக்குப் பின் நாள்தோறும் அடிக்கும். பத்தாம் நாள் யாரோ ஒருவர் ஒலியை அடியோடு அணைத்துவிடுவார். பின்னொரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சர்க்கரை 54-க்குக் கீழே இறங்கும்போது எழ வேண்டிய ஒலி எழாது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு உயிராபத்து அந்த இறக்கத்தில்தான். உணவுக்குப்பின் சிறிது நேரம் நிற்கும் ஏற்றத்தை அடுத்த வருகையில் பேசிக்கொள்ளலாம். கருவி கைக்கு வரும்போதே அதில் அமைந்திருக்கும் எச்சரிக்கை அளவுகள் யாரோ ஒரு பொதுநோயாளிக்காக வைத்தவை. அவற்றை அப்படியே விட்டுவிடுவதை நான் ஏற்பதில்லை. உற்பத்தியாளர்கள் இத்தேர்வைத் தமிழிலும் எளிதிலும் செய்யக்கூடியதாகத் தர வேண்டும் என்பது என் நெடுநாள் வழக்கு.

சிக்கனம் தவறான இடத்தில் நிகழ்வதும் உண்டு. கைப்பேசியிலுள்ள 'பேட்டரி சேவர்' அமைப்பு, நெடுநேரம் திறக்கப்படாத செயலிகளை உறங்கவைக்கும். மருத்துவச் செயலியும் அவற்றுள் ஒன்றாகிவிட்டால் எச்சரிக்கை வந்து சேராது. கைப்பேசியை நாள்தோறும் மின்னேற்றலாம். அங்கே மிச்சம் பிடிக்கத் தேவையில்லை. மருத்துவச் செயலிக்கு மட்டும் அக்கட்டுப்பாட்டை நீக்கிவையுங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபின் நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. அப்படியொரு நிலை மீண்டும் வந்தால் பேஸ்மேக்கர் நின்றுவிடுமோ என்று அஞ்சவேண்டாம். இதயத்தைத் துடிக்கவைக்கும் பணிக்கு வலைத்தொடர்பு தேவையில்லை. கருவி முக்கிய நிகழ்வுகளைத் தன்னுள் பதிந்துவைத்துக்கொள்ளும். ஆனால் அந்நாள்களில் மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஏற்பட்டால் எச்சரிக்கைக்குக் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கருவியின் அடையாள அட்டையோடு, செயலி உள்ள கைப்பேசியையும் கொண்டுவாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை அந்நேரம் காணொலி அழைப்பில் சேர்த்துக்கொண்டாலும் நன்று. எந்த எச்சரிக்கை வேண்டும், எந்த அளவில் வேண்டும், நள்ளிரவில் யாருடைய கைப்பேசி ஒலிக்கவேண்டும் என்பதைத் தொழில்நுட்பருடன் அமர்ந்து முடிவு செய்வோம். இரவில் ஒலிக்கவேண்டியது பக்கத்து அறையில் உறங்குபவரின் கைப்பேசி என்பது என் கருத்து. துபாயில் இருப்பவர் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.